கூட்டத்துக்கு வராத பெற்றோர்

கேள்வி: ஜூன் 13, 2025

என் நாத்தனார் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று பிள்ளைகள் கையில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பினாலும் பத்துப் பேர் தேறுவதில்லையாம். அதே தெருவில் இருக்கும் கூலிக்காரர்கள்தான் மெட்ரிக் பள்ளி கூப்பிட்டால் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை, காசு கட்டினால்தான் அக்கறை வரும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 14, சனி, இரவு 10.20

இல்லை.

எங்கள் ஊர் திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் பக்கம். பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே எட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சின்னவன் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு. 2022இலிருந்து மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். உங்கள் நாத்தனார் சொல்லும் அந்த வராத பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன், கூட்டத்தில் இல்லை, கடையில்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே, ஒன்றரை ஷிப்டு. நடுவில் இரண்டு மணி நேரம் போய்விட்டு வருகிறேன் என்றால் அந்த ஷிப்டுக் கூலி போச்சு. லைனில் ஒரு டெய்லர் எழுந்து போனால் அடுத்த மிஷினுக்குப் பீஸ் போகாது. சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கும்போது அந்த வெள்ளிக்கிழமை அதில் தெரியும்.

இரண்டாவது, காகிதம். போன வாரம் ஓர் அம்மா வந்தார். ஜவுளிக்கடைக் கவர் ஒன்றில் வீட்டு அரசாங்கமே இருந்தது: ரேஷன் கார்டு, இரண்டு ஆதார், சாதிச் சான்று, பாங்க் பாஸ்புக். ஆதாரில் பிள்ளை பெயருக்கு ஒரு ‘ஹெச்’ கூட, பள்ளிப் பதிவில் அது இல்லை. அதற்காக ஈ-சேவை மையத்துக்கு ஒரு நாள், பாங்குக்கு ஒரு நாள், பள்ளிக்கு ஒரு நாள், மறுபடி ஈ-சேவைக்கு ஒரு நாள். நான்கு நாளும் லீவு. நான்கு நாளும் என் கடையில் நின்றார். “இந்தத் தடவை சரியா இருக்குங்களாக்கா, ஒருக்கா படிச்சுப் பாருங்க” என்றார். இதே அம்மா பெயருக்கு நேரே கூட்டப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றுதான் இருக்கும்.

சட்டம் என்னவோ பெரிதாகத்தான் பேசுகிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிக்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம், வந்த பணம் எப்படிச் செலவானது என்று கேட்கலாம். எங்கள் பள்ளியில் குழுவுக்கு 20 பேர், 15 பேர் பெற்றோர். உரிமை கொடுத்தார்கள், சரி. அதை மூன்று மணிக்குக் கொடுத்தார்கள்.

அதே நாள், 11.05

திருத்தம். 20 பேர் என்பது 2022 கணக்கு. 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். குழுவில் உட்கார்ந்துகொண்டு நானே தப்பாக எழுதுகிறேன். வந்த முன்னாள் மாணவர்களில் ஒருவன் என் கடையில் கடன் வைத்திருக்கிறான், அதுதான் அந்தப் பக்கம் நினைவு போகவில்லை போல.

ஜூன் 16

“மெட்ரிக் பள்ளியில் மட்டும் எப்படி வருகிறார்கள், அங்கேயும் அதே ஒன்றரை ஷிப்டுதானே” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவள் மெட்ரிக் பள்ளியில் பத்தாவது. ஆமாம், அரசுப் பள்ளிக்காக இங்கே இவ்வளவு பேசுகிறவளின் மூத்த பெண் மெட்ரிக். கடையைத் திறந்த நாளிலிருந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே அவளை வேனில் ஏற்றிவிட்டேன். காரணம் கேட்டால் ஆங்கிலம் என்று சொல்வேன். உண்மையில் வெட்கம். சொந்தக்காரர் கல்யாணத்தில் “பாப்பா எங்கே படிக்குது” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. சின்னவனும் எல்.கே.ஜி. அங்கேதான் போனான். கொரோனாவில் கடை மூடி, பீஸ் கட்ட முடியாமல், 2021இல் இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். ஏதோ கொள்கைக்காகச் சேர்த்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மெட்ரிக் பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங் சனிக்கிழமை காலை. வரிசையில் நிற்பேன். ராங்க் கார்டைப் பார்ப்பேன். “மேத்ஸ்ல கான்சென்ட்ரேஷன் பத்தலைங்க மேம்” என்பார்கள். தலையாட்டுவேன். கையெழுத்துப் போடுவேன். அப்படியே பக்கத்து மேசைக்குப் போனால் டேர்ம் பீஸ் பாக்கி. வராவிட்டால் பெண்ணை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பார்கள் என்ற பயம் ஒன்று உண்டு. பத்து வருடம் தவறாமல் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, பீஸைத் தவிர. வேன் கட்டணம் ஏறியபோது ஏன் என்று கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 21ஆம் பிரிவு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்குக் கிடையாது. காசு கட்டுகிற இடத்தில் சட்டப்படி எனக்கு ஒரு நாற்காலி இல்லை. காசு கட்டாத இடத்தில் இருக்கிறது. காசு கட்டினால் பயம் வருகிறது என்பது உண்மை. அதற்கு அக்கறை என்று நாம் பெயர் வைத்துவிட்டோம்.

ஜூன் 28

நேற்றுக் கூட்டம். எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகும்.

140 பிள்ளைகள். வந்தது 11 பேர். குழு உறுப்பினர் ஆறு பேர், வார்டு உறுப்பினர், காலை உணவு சமைக்கும் இரண்டு அக்காக்கள், நோட்டீஸைத் தப்பாகப் படித்துவிட்டு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள் என்று வந்த ஒரு பாட்டி, அப்புறம் புதிதாக ஒரு அம்மா. ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். முட்டி தாடையில் இடிக்கிறது. தலைமையாசிரியை நல்லவர், அவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

பதிவேடு சுற்றி வந்தது. புதிய அம்மா முறை வந்ததும் உதவிக்கு வந்த டீச்சர் தன்னிச்சையாக மை பேடை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா பேடைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “நான் பத்தாவது பாஸுங்க டீச்சர்.” அவ்வளவுதான். பேனாவை வாங்கி முழுப்பெயரையும் இனிஷியலோடு எழுதினார். என் கையெழுத்தைவிட அழகு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓவர்லாக் மிஷினுக்கு வந்தவர். அன்று கம்பெனியில் வேலை இல்லை, அதனால் வந்திருக்கிறார். டீச்சர் முகம் செத்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் கம்பெனியில் வேலை இல்லாவிட்டாலும் அந்த அம்மா வருவாரா?

தீர்மானங்கள்: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். சுற்றுச்சுவர். குடிநீர்த் தொட்டி கழுவுதல். பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். தாழ்ப்பாள் 2023 நவம்பரில் இருக்கிறது. 2024 ஜூலையில் இருக்கிறது. இந்த வருடம் இப்போது. மூன்று தடவையும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’.

இன்று காலை உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரர், கொத்தனார், பையில் ஒரு கொண்டியும் நாலு திருகாணியும் கொண்டுவந்து பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போனார். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. என் கணக்கில் இந்த மாவட்டத்திலேயே அதிகமாக ஈடுபட்ட பெற்றோர் அவர்தான். தலைமையாசிரியைக்குக் கவலை, இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று. எழுத வேண்டாம் டீச்சர் என்றேன்.

ஜூன் 29

தாழ்ப்பாள் விலை கேட்டவருக்கு: அறுபது ரூபாய் என்றார். திருகாணி வீட்டில் இருந்ததாம். மூன்று தீர்மானத்துக்குப் பேனா மையும் டீயும் சேர்த்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

ஜூலை 9

பழைய காலத்தில் ஊரே சேர்ந்து பள்ளி கட்டியது, இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி.

காமராஜர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடந்தது. 1958இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது. ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம், கட்டடம் என்று கொடுத்தார்கள். மாநாடு மாநாடாக மாநிலம் முழுக்கப் போனது. 1956இல் தொடங்கிய மதிய உணவிலும் ஊரார் பங்கு உண்டு. அரிசியும் பருப்பும் வீடு வீடாக வந்தன. என் அம்மாயி சொல்வார், களத்தில் நெல் அளக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு வள்ளம் தனியாக வைப்பார்களாம்.

எங்கள் பள்ளியில் அந்தக் காலத்து மணி ஒன்று இன்னும் தொங்குகிறது. தண்டவாளத் துண்டு இல்லை, நிஜ வெண்கல மணி. ‘உபயம்’ என்று போட்டு ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவரின் பேரன் இன்றும் சுதந்திர தினத்துக்கு மேடையில் உட்காருகிறார். அவர் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் கால் வைத்ததில்லை. உபயம் கொடுத்தவருக்கு நாற்காலி, பிள்ளையைக் கொடுத்தவருக்கு நிற்க இடம். எங்கள் ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவியும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது: யார் பெரிய மனிதரோ அவர். படிக்கும் பிள்ளையின் பெற்றோர்தான் மேலாண்மைக் குழுத் தலைவர் என்று வந்தபோது அந்த ஆட்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் இந்தக் குழு ஏதோ வேலைக்கு ஆகும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அதனால் அந்தக் காலத்து ஊர் ஒற்றுமை என்று உருகுவதற்கு முன், அந்த மாநாட்டுப் பந்தலில் யார் உட்கார்ந்தார்கள், யார் ஓரமாக நின்றார்கள் என்றும் யோசிக்க வேண்டும். கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. மணி இன்றும் நன்றாக ஒலிக்கிறது.

ஜூலை 21

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். நான் கேட்டது. இந்த இழையைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்றும் சொல்லலாம். 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க எல்லா அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கூப்பிட்டார்களே, அன்று எங்கள் பள்ளியில் உட்கார இடமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் ஞாபகப்படுத்தினேன். தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார்.

52 பேர்.

அப்பாக்கள் வந்திருந்தார்கள். குளித்து, திருநீறு வைத்து, இஸ்திரிச் சட்டை போட்டு. கழிப்பறை பற்றி, சுவர் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராக டீச்சர் மேசைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி: “எம் புள்ள படிக்குதுங்களா?” வாசிக்கிறதா என்றுதான் அதற்கு அர்த்தம். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு காரியம் செய்தார். புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்து அங்கேயே வாசிக்கச் சொன்னார். சில பிள்ளைகள் கடகடவென்று. சில எழுத்துக் கூட்டி. ஒரு பெண் புத்தகத்தைப் பார்க்காமலே முழுப் பாடத்தையும் ஒப்பித்தது, டீச்சர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் நின்றுவிட்டது. அவள் அப்பா சிரிக்கவில்லை. கீழே குனிந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாழ்ப்பாளுக்கு மூன்று தீர்மானம் போட்ட நாங்கள் இப்படி ஒன்றைக் கேட்டு ஒரு தீர்மானமும் போட்டதில்லை.

அப்புறம் பீகார்க்காரர். மகன் நான்காம் வகுப்பு, தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவான். அப்பாவுக்கு ‘சாப்டாச்சா’ வரைக்கும் வரும். டீச்சர் சொல்வதைப் பையன்தான் மொழிபெயர்க்க வேண்டும். “வீட்டுப் பாடமே எழுதுறதில்லை, வாய் ஓயாம பேசுறான்னு சொல்லு.” பையன் அப்பாவிடம் திரும்பி இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னான். அப்பா முகம் மலர்ந்து டீச்சருக்குக் கும்பிடு போட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் ‘அச்சா’ என்ற சொல் அதில் இரண்டு தடவை வந்தது கேட்டது. கடைசியில் அப்பா டீச்சர் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் காதைப் பிடித்தார். மொழி வேண்டியதில்லை சில விஷயத்துக்கு.

ஜூலை 26

ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதிய உற்சாகத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று வந்த டீச்சர்களில் இருவர் உடுமலைக்காரர்கள். ஒருவருக்கு இரண்டு வயதுக் குழந்தை. வார நாளில் 4.50 பஸ்ஸை விட்டால் வீடு போக எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு வீடு போயிருக்கிறார். மூன்று மணிக் கூட்டம் திமிரால் வைத்தது என்கிற மாதிரி நான் முதலில் எழுதிவிட்டேன். அவர்களும் ஒரு ஷிப்டுதான். “உங்கள் பிள்ளை பள்ளிக் கூட்டத்துக்கு நீங்க போறீங்களா டீச்சர்” என்று கேட்டேன். “எங்கே போக, அதே நேரத்துக்குத்தானே இங்கே இருக்கேன்” என்றார்.

ஜூலை 27

இன்னொன்றையும் வாபஸ் வாங்க வேண்டும். பெற்றோர் ஈடுபட்டாலே நல்லது என்று நான் எழுதிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது. ஈடுபாடு எல்லாம் நல்ல ஈடுபாடு இல்லை.

2018 ஜூலையில் இதே மாவட்டத்தில், அவிநாசி வட்டாரத்தில், ஓர் அரசுப் பள்ளிக்குச் சமையலராகப் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மாறுதலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று பெற்றோர் திரண்டு வந்து பள்ளியைப் பூட்டினார்கள். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள். பிறகு எதிர்ப்புக் கிளம்பி அந்த உத்தரவு ரத்தாகி, வழக்கும் பதிவானது. அன்று அந்தப் பெற்றோர் யாரும் ஷிப்டு இருக்கிறது, வர முடியாது என்று சொல்லவில்லை. சரியான நேரத்துக்கு வந்தார்கள், ஒற்றுமையாக வந்தார்கள்.

எங்கள் பள்ளியில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 2023இல் காலை உணவு எங்கள் பள்ளிக்கு வந்த புதிதில், யார் சமைக்கிறார்கள் என்று கடைக்கு வந்து சுற்றி வளைத்துக் கேட்டவர்கள் உண்டு. நேராகக் கேட்க மாட்டார்கள். “எந்தத் தெருவுங்க?” அதுதான் கேள்வி. நான் பதில் சொன்னேன், தெருப் பெயரை. சொல்லியிருக்கக் கூடாது. எதற்கு என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸுக்கு வந்த வாடிக்கையை முறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்த வாரம் ஐந்தாறு பிள்ளைகள் காலையில் சாப்பிடவில்லை. இரண்டு வாரத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கேசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த அக்காக்களில் ஒருவர் குழுவிலேயே இருக்கிறார், கணக்குக் கேட்பதில் அவர்தான் கெட்டி. ஆனால் நான் தெருப் பெயரைச் சொன்னது சொன்னதுதான்.

ஆகஸ்ட் 3

“அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டால் எல்லாம் சரியாகும்.”

இந்த வரி எந்த இழையிலும் நாற்பதாவது பதிவுக்குள் வந்துவிடும். இதில் முப்பத்தொன்பதாவது. எதிர்க் கடைக்காரியும் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதற்குள் நகர்ந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 17

ஆங்கில வழி பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். பெற்றோர் கேட்டு வாங்கிய ஒன்று உண்டென்றால் அதுதான். 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. எங்கள் பள்ளியிலும் கேட்டார்கள், வந்தது. இப்போது ஒரே அறையில் இந்தப் பக்கம் தமிழ் வழி, அந்தப் பக்கம் ஆங்கில வழி, நடுவில் ஒரே டீச்சர். கணக்கை ஒரு தடவை தமிழில் சொல்லி, அப்புறம் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு தடவை. என் பையன் ஆங்கிலப் பக்கம். வீட்டில் வந்து ‘ப்ராக்ஷன்’ என்றால் என்ன என்று கேட்டான். பின்னம்டா என்றேன். “அதான் தமிழ்ப் பக்கத்துல சொன்னாங்களே, அது வேற இது வேறன்னு நினைச்சேன்” என்றான்.

பெற்றோர் விருப்பத்தை மதித்தார்கள். டீச்சர் எத்தனை பேர் வேண்டும் என்பதும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். அது எங்களுக்குத் தோன்றவில்லை. பலகையில் ‘இங்கிலீஷ் மீடியம்’ என்று எழுதினால் போதும் என்றிருந்தது.

முந்தாநாள் சுதந்திர தினக் கிராம சபையில் சுற்றுச்சுவர்த் தீர்மானத்தை வைத்தோம். பதிவாகியிருக்கிறது. இதுவும் ஏகமனதாக.

செப்டம்பர் 7

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “அப்படியானால் பிரச்சினையே இல்லை என்கிறீர்களா? என் நாத்தனார் சொல்வதெல்லாம் பொய்யா?”

பொய் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது காலி பெஞ்சு, அதைத்தான் சொல்கிறார். நான் பார்ப்பது கேட்டுக்கு இந்தப் பக்கம். மூன்று மாதமாக எழுதிக்கொண்டே யோசித்ததில் எனக்குத் தோன்றுவது, பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வந்தால் அது ஒன்று கையெழுத்துக்கு, இல்லை புகாருக்கு. போன் திரையில் டீச்சர் பெயர் வந்தால் எனக்கே வயிறு கலங்கும். ‘இவன் இன்றைக்கு நன்றாக எழுதினான்’ என்று ஒரு தடவை சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? நாலாம் வகுப்பு டீச்சர் இந்த மாதம் வாட்ஸப் குழுவில் எழுதுவதை விட்டுவிட்டுப் பேசி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார், அரை நிமிடம். மிஷினில் உட்கார்ந்தபடியே காதில் வைத்துக் கேட்டுவிடலாம். பதிலும் வாய்மொழியாகவே வருகிறது, பின்னணியில் ஓவர்லாக் சத்தத்தோடு. கூடவே காலை வணக்க ரோஜாப் படங்களும் வருகின்றன, அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒன்று. உண்மையிலேயே எட்டிப் பார்க்காத பெற்றோரும் இருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறவர், பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் ‘அஞ்சோ ஆறோ’ என்கிறவர். அவர்களைத் தனியார் பள்ளியும் பீஸ் கட்ட வைத்துத் திருத்தவில்லை; அங்கே அந்தப் பிள்ளைகளைச் சேர்ப்பதே இல்லை. அவர்கள் நம் பதிவேட்டில் மட்டும்தான் ‘வரவில்லை’.

உசிலம்பட்டி அம்மாவைப் பற்றிக் கேட்டவருக்கு: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார். டீச்சர் தானாகப் பேனாவை எடுத்து நீட்டினார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 13

தாழ்ப்பாள் மறுபடி கழன்றுவிட்டது. கொத்தனார் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் மகள், எட்டாம் வகுப்பு, வீட்டிலிருந்து திருப்புளி கொண்டுவந்து முறுக்கிவிட்டாள். கீழ்த் திருகாணி வழுக்குகிறதாம், நீளமாக ஒன்று வேண்டுமாம். கடையில் அளவு காட்டிக் கேட்டாள். ஜெராக்ஸ் கடையில் திருகாணி எங்கே இருக்கும் கண்ணு என்றேன்.

செப்டம்பர் 19

இந்த மாதக் கூட்ட நோட்டீஸ் பிரதி எடுக்கத் தலைமையாசிரியையே கடைக்கு வந்தார். “மணி போட வேண்டாம், அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க. எப்போ வர முடியும்னு அவங்களே எழுதட்டும்” என்றார். மேலே இருந்து ஏதாவது சொல்வார்களே என்றேன். “அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.” 140 பிரதி. காசு வாங்கவில்லை. உபயம் என்று கீழே என் பெயரைப் போடட்டுமா என்று சும்மா கேட்டேன், முறைத்தார்.

சீட்டுகள் திரும்பி வரும் இடம் என் கடை. கம்பெனி வேன் இங்கேதான் நிற்கும். மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை 61. படிக்கக் கூடாது, படித்துவிட்டேன். ‘ஞாயிறு’ என்று முப்பதுக்கு மேல். ‘ராத்திரி 8.45’ என்று ஏழெட்டு. உடுமலை டீச்சருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ‘எப்ப வேணாலும் வர்றேன், எல்லாரும் இருக்கும்போது எம் பையனப் பத்திச் சொல்லாதீங்க’ என்று ஒன்று. ஒரு சீட்டில் மணி இல்லை, பெயர் மட்டும், இனிஷியலோடு, அழகான எழுத்தில்.

ஒன்று முழுக்க இந்தியில் இருக்கிறது. நாலு வரி, நெருக்கி எழுதியிருக்கிறார். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் நாலாம் வகுப்பில் இருக்கிறான், திங்கட்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். என்ன எழுதியிருந்தாலும் அவன் நல்லதாகத்தான் சொல்லப்போகிறான்.